ஒரோவாடா: வட நெவாடா சேஜ்பிரஷ் மேய்ச்சல் நிலத்து மண்ணின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தின் அடையாளப் பூ சேஜ்பிரஷ் என்ற புதருடையது. அந்த மாநிலத்துக்கு அடையாள மண் என்றும் ஒன்று உண்டு. அதன் பெயர் ஒரோவாடா. வட நெவாடாவில் 3.6 லட்சம் ஏக்கருக்கு மேல் இந்த மண் பரவிக் கிடக்கிறது. உழாமல் விட்ட இடங்களில் அதன்மேல் நிற்பது பெரும்பாலும் சேஜ்பிரஷ்தான். தாவரவியல் பேரினம் ஆர்ட்டிமிசியா, அதாவது பூக்கடையில் கதம்பத்தோடு வைத்துக் கட்டுகிற மரிக்கொழுந்தின் பேரினம். வாசனையிலும் அந்த உறவு தெரியும், மழை பெய்து ஓய்ந்த பிறகு கூடுதலாக.

அமெரிக்க மண் வகைப்பாட்டில் இந்த மண்ணுக்கு இருக்கிற முழுப்பெயர் 'கோர்ஸ்-லோமி, மிக்ஸ்டு, சூப்பர்ஆக்டிவ், மீசிக் டியூரிநோடிக் ஸெரிக் ஹேப்லோகேம்பிட்ஸ்'. முதல் தடவை கேட்பவருக்கு மந்திரம் மாதிரி இருக்கும். வேளாண் கல்லூரியில் மண்ணியல் படித்தவர்களுக்கு இது பழகின பாணிதான். நாக்பூரில் தலைமையகம் உள்ள தேசிய மண் ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுச் செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் இதே முறையில்தான் பெயர் வைக்கிறது. அதனால் நெவாடா மண்ணின் கதையில் நமக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது.

இந்தப் பெயரை உண்டாக்குகிற அளவுகள் ஏறக்குறைய எல்லாமே 18 செ.மீ.க்குக் கீழே எடுக்கப்படுகின்றன. ஆனால் அந்த நிலத்தில் விழுகிற விதை பிழைக்குமா, பெய்கிற மழை உள்ளே போகுமா வெளியே ஓடுமா என்பது மேல் 5 செ.மீ.யிலேயே பெருமளவு முடிவாகிவிடுகிறது. ஒரோவாடாவை ஆய்வுக்கு எடுத்ததற்கு முக்கியக் காரணம் இந்த இடைவெளிதான். பெயர் தவறு என்று சொல்ல வரவில்லை. அது எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

இடமும் தாய்ப்பொருளும்

வின்னமக்கா ஊரிலிருந்து 95ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 70 கி.மீ. போனால் ஒரோவாடா என்ற சின்னஞ்சிறு ஊர் வரும். கிழக்கே சாண்டா ரோசா மலைத்தொடர், மேற்கே குவின் ஆற்றுப் பள்ளத்தாக்கு. பசிபிக் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று சியரா நெவாடா, காஸ்கேட் மலைகளிலேயே பெரும்பகுதி மழையை இறக்கிவிட்டு, வறண்டுதான் இங்கே வருகிறது. ஒரோவாடா மண் உள்ள இடங்களில் மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 200 மி.மீ. சராசரிக் காற்று வெப்பநிலை 9 டிகிரி செல்சியஸை ஒட்டி.

200 மி.மீ. என்ற கூட்டுத்தொகையைவிட அது எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். பெரும்பகுதி குளிர்காலத்திலும் இளவேனிலிலும் வருகிறது; கோடை காய்ந்து கிடக்கிறது. செடிகள் உறங்குகிற மாதங்களில் பனி உருகி மெல்ல மெல்ல இறங்குவதால், நீரைக் குடிக்க ஆளில்லாமல் அது ஆழத்துக்குப் போகிறது. இதே 200 மி.மீ. கோடை இடிமழையாகப் பெய்திருந்தால் பெரும்பாலும் மேலேயே ஆவியாகிப் போயிருக்கும். புதருக்குப் பதில் புல்வெளி நின்றிருக்க வாய்ப்பு அதிகம். சேஜ்பிரஷ் தன் பிழைப்பை முழுக்க இந்தக் குளிர்கால இருப்பை நம்பித்தான் நடத்துகிறது. அதற்கு மேல்மண்ணில் பரவிய நாரிழை வேரும் உண்டு, ஆழத்துக்குப் போகும் வேரும் உண்டு. வசந்தத்தில் பெரிய இலைகளை விட்டு, கோடையில் அவற்றை உதிர்த்துவிட்டு, சின்ன இலைகளோடு குளிர்காலத்தைக் கடக்கிறது.

தாய்ப்பொருள், அதாவது மண் உருவாக மூலமான பொருள், மூன்று வழிகளில் வந்தது. மலையிலிருந்து ஓடைகள் கொண்டுவந்து விசிறிபோல் பரப்பிய கலவையான வண்டல் ஒன்று. காற்று கொண்டுவந்த நுண்மண் இரண்டு. மூன்றாவது எரிமலைச் சாம்பல்.

காற்று மண் எங்கிருந்து வந்தது என்பதற்கு மேற்கு நெவாடாவின் பழைய ஏரி பதில் சொல்கிறது. பனியுகத்தின் கடைசியில் லஹோன்டன் என்ற ஏரி இந்தப் பகுதியில் சுமார் 22,000 சதுர கி.மீ. அளவுக்கு விரிந்திருந்தது. அது வற்றியபோது வெளிப்பட்ட தரையிலிருந்து கிளம்பிய தூசி பக்கத்து விசிறிச் சரிவுகளில் படிந்தது. சாம்பலுக்கும் பஞ்சமில்லை. ஏறக்குறைய 7,700 ஆண்டுகளுக்கு முன் ஒரிகனில் வெடித்த மசாமா எரிமலையின் சாம்பல் வட நெவாடா வரை வந்தது. அதற்கும் வெகு முன்னதாக, 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான மெக்டெர்மிட் எரிமலைப் பெருங்குழி ஒரோவாடாவுக்கு வடமேற்கே கிடக்கிறது. இப்போது செய்திகளில் அடிபடுகிற தாக்கர் பாஸ் லித்தியம் சுரங்கம் அந்தப் பெருங்குழியின் களிமண்ணில்தான் இருக்கிறது.

சாம்பல் என்றால் பெரும்பகுதி எரிமலைக் கண்ணாடி. குவார்ட்ஸும் சிலிக்காதான், இதுவும் சிலிக்கா நிறைந்ததுதான். ஆனால் குவார்ட்ஸ் ஒழுங்கான படிகம். தண்ணீருக்கு அசைந்து கொடுக்காது. கண்ணாடிக்குப் படிக ஒழுங்கு இல்லாததால் எளிதாகக் கரைகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரோவாடாவின் பெயரில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மலையை நோக்கி நடந்தால் மண் வரிசையாக மாறுவதைக் காணலாம். அடியில் பிளாயா எனப்படும் உப்புத்தரை, அதன் ஓரத்தில் கிரீஸ்வுட் புதர். அதற்கு மேலே இளம் விசிறிச் சரிவுகளில் ஒரோவாடாவும் வயோமிங் சேஜ்பிரஷும். இன்னும் மேலே, ஓடைகள் அறுத்துத் தனித்து நிற்கிற பழைய விசிறி மேடுகளில் கெட்டிப்பட்ட அடித்தட்டு உள்ள மண், அங்கே குட்டையான சேஜ்பிரஷ் இனங்கள். மலையேறினால் மழை கூடி, கறுத்த மேல்மண்ணோடு மலைச் சேஜ்பிரஷ்.

குழிக்குள் தெரிவது

மேல்மண்ணைப் பார்க்கும்போது முதலில் செய்ய வேண்டியது, குழி வெட்டாமல் சும்மா குனிந்து பார்ப்பது. ஒரு புதருக்கும் அடுத்த புதருக்கும் இடையே ஒரு மீட்டர் இருக்கலாம். அந்த ஒரு மீட்டருக்குள் இரண்டு வேறு மேல்மண்கள் கிடக்கின்றன.

புதருக்கு அடியில் மண் சற்று மேடாக இருக்கும். காற்றில் வந்த மணலும் உதிர்ந்த இலையும் சேர்ந்த மேடு அது. பொலபொலவென்று இருக்கும், விரலை விட்டால் உள்ளே போகும். கரிமமும் தழைச்சத்தும் அக்கம்பக்கத்தைவிட அதிகம். தண்ணீர் ஊற்றினால் உடனே குடித்துவிடும்.

புதர்களுக்கு நடுவே உள்ள வெற்றுத்தரை வேறு கதை. வெளிறிய, தட்டையான, பலகோண வெடிப்புகள் ஓடிய ஓடு. ஒரு வெடிப்பில் கத்திமுனையை விட்டு நெம்பினால் சில செ.மீ. தடிப்பில் ஒரு பில்லை அப்படியே பெயர்ந்து வரும். அதை இரண்டாக உடைத்தால் உள்ளே குமிழ் குமிழாகத் துளைகள், இட்லியைப் பிட்டால் தெரிவதுபோல. துளை நிறைய இருக்கிறதே, நீர் நன்றாக இறங்குமே என்று தோன்றும். இறங்காது. இந்தத் துளைகள் ஒன்றோடொன்று இணையாத தனிக் குமிழ்கள். தூசியாக வந்த நுண்வண்டல் மிகுந்த மேற்பரப்பு காய்ந்து கிடக்கும்போது திடீரென்று நனைகிறது; மண்ணுக்குள் இருந்த காற்று வெளியேற வழியில்லாமல் அங்கேயே சிக்கிக்கொள்கிறது; பிறகு மண் காய்கிறது. இந்த நனைதலும் காய்தலும் திரும்பத் திரும்ப நடந்து குமிழ்கள் பெருகுகின்றன. நனைந்த நிலையில் இந்த அடுக்குக்கு உறுதி கிடையாது. மாட்டுக் குளம்பு பட்டால் குழைந்து நசுங்கி, அடுத்த சில நனைதல்களில் மறுபடி ஓடாக இறுகிவிடும்.

நெவாடா மேய்ச்சல் நிலங்களில் மழை உருவகக் கருவியை வைத்துப் பார்த்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு ஒன்றுதான்: புதர் மேட்டில் நீர் வேகமாக இறங்குகிறது, குமிழ்த் துளை ஓட்டில் ஓடிவிடுகிறது, போகும்போது நுண்மண்ணையும் கொண்டுபோகிறது. பாசியும் லைக்கனும் சேர்ந்த உயிர்ப்படலம் கலையாமல் இருக்கிற இடங்களில் நிலைமை சற்று மாறும்.

சரி, இப்போது குழிக்கு வருவோம். மேல் அடுக்கு நுண்மணல் கலந்த குறுமண். மண் நிறத்தை ஒப்பிடுகிற நிறப்புத்தகத்தில் காய்ந்த நிலையில் வெளிர் பழுப்பு; கரிமம் குறைவு என்பது பார்த்தவுடனே தெரியும். அதன் கீழே இரண்டாம் அடுக்கில் நிறமும் கட்டமைப்பும் லேசாக மாறுகின்றன. மண் சிறு கட்டிகளாக உடைகிறது, பழைய வண்டல் படிவின் கோடுகள் அழிந்துபோயிருக்கின்றன. ஆனால் கட்டிகளின் முகத்தில் பளபளப்பான களிப்பூச்சு இல்லை. ஈர மண்ணை உருட்டிக் கட்டைவிரலால் தள்ளி நாடா எடுத்துப் பார்த்தால் சின்னதிலேயே அறுந்துவிடும். மேலே இருந்ததைவிடக் களி கூடவில்லை என்பதற்கு வயலிலேயே கிடைக்கும் சான்று அது.

இன்னும் கீழே போனால் கத்தி சிக்குகிறது. குழிச்சுவரில் வெளிறிய முடிச்சுகள். இவைதான் டியூரிநோடு, சிலிக்கா கட்டிய முடிச்சு. ஒன்றை எடுத்து நீரில் ஊறவைத்தால் கரையாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டினால் பொங்கும், ஏனென்றால் சுண்ணாம்பும் அதில் இருக்கிறது. பொங்கி அடங்கின பிறகு பார்த்தால் முடிச்சு முடிச்சாகவே நிற்கும். கரிசல் மண்ணில் வருகிற சுக்கான்கல்லை இதே அமிலத்தில் போட்டால் பெரும்பகுதி கரைந்துபோய்க் கொஞ்சம் சேறுதான் மிஞ்சும். டியூரிநோடை உடைக்க அடுத்த படி வேண்டும். சுண்ணாம்பை அமிலத்தால் நீக்கிய பின், சூடான அடர் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டால்தான் அது அவிழும். சிலிக்கா காரத்தில் கரையும், அமிலத்தில் கரையாது. பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி இருக்கிற ஒன்றைச் சிலிக்கா என்று அடித்துச் சொல்ல வைக்கிற சோதனை இதுதான். வகைப்பாட்டு விதியிலும் இதையே எழுதி வைத்திருக்கிறார்கள்.

முடிச்சு உருவான விதம் அந்தக் காலநிலையின் நேரடி விளைவு. குளிர்கால நீர் எரிமலைக் கண்ணாடியிலிருந்து சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. நனைவு முன்னேறி நிற்கிற ஆழம் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றுதான். வேனிலில் வேர்கள் நீரை உறிஞ்சுகின்றன. நீர் போகிறது, சிலிக்கா தங்குகிறது. ஒபல் போன்ற மெல்லிய பூச்சாக மணிகளை ஒட்டவைக்கிறது. தூசியோடு வந்த சுண்ணாம்பும் அதே ஆழத்தில் சேர்கிறது. கீழே போகப்போக மண்ணின் காரத்தன்மை கூடுவதும் இதனால்தான். மேலும் பல்லாயிரம் ஆண்டுகள் கொடுத்தால் முடிச்சுகள் சேர்ந்து தட்டாகிவிடும். பக்கத்துப் பழைய விசிறி மேடுகளில் அது நடந்தே முடிந்துவிட்டது.

பெயரைத் தீர்மானித்த கேள்விகள்

அமெரிக்க வகைப்பாட்டில் பெயரைப் பின்னாலிருந்து முன்னால் படிக்க வேண்டும். கடைசி எழுத்துகளான 'இட்' அரிடிசால் என்ற பெருவரிசையைக் காட்டுகிறது, அதாவது வறள்நில மண். அங்கே போய்ச் சேருவதற்கு முன் மொல்லிசால் என்ற கறுப்பு மேல்மண் வரிசையை விலக்க வேண்டும். அதற்கான சோதனை விதியைக் கவனியுங்கள்: மேல் 18 செ.மீ.யைக் கலந்த பிறகும் நிறம் போதிய அளவு கறுப்பாகவும், கரிமம் குறைந்தது 0.6 சதவீதமாகவும் இருக்க வேண்டும். உழவால் மண் கலக்கும் என்பதை மனதில் வைத்து எழுதிய விதி அது. வயலுக்கு நியாயம். ஆனால் ஒருபோதும் கலப்பை படாத மேய்ச்சல் நிலத்துக்கும் அதே விதி. குமிழ்த் துளை ஓடு, புதர் மேட்டின் பொலபொலப்பு, இரண்டுமே அந்தக் கற்பனைக் கலப்பையில் காணாமல் போகின்றன.

அரிடிசாலுக்குள் வரிசையாகக் கேள்விகள். 100 செ.மீ.க்குள் சிலிக்காத் தட்டு உண்டா? இருந்தால் டியூரிட். இங்கே முடிச்சுகள்தான், தொடர்ச்சியான தட்டு இல்லை. களி இறங்கிச் சேர்ந்த அடுக்கு உண்டா? இருந்தால் ஆர்ஜிட். மேலடுக்கில் களி 15 சதவீதத்துக்குக் குறைவென்றால் கீழே குறைந்தது 3 சதவீதம் கூட வேண்டும், களிப்பூச்சும் தெரிய வேண்டும். இங்கே இல்லை. சுண்ணாம்பு போதிய அளவு சேர்ந்திருக்கிறதா? பொதுவாக 15 சதவீதச் சுண்ணாம்பு, 15 செ.மீ. தடிப்பு என்பது தேவை. இங்கே அந்த அளவை எட்டவில்லை. எல்லாவற்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால் மிஞ்சுவது கேம்பிட். மண் உருவாகத் தொடங்கிவிட்டது, பெரிதாக எதுவும் இன்னும் சேரவில்லை என்பதே அதன் பொருள். ஹேப்லோ என்றால் வேறு சிறப்பம்சம் இல்லாத, எளிய.

துணைக்குழுவில் இரண்டு பெயரடைகள். டியூரிநோடிக் என்பதற்கு 100 செ.மீ.க்குள், மொத்தம் 15 செ.மீ. தடிப்புக்காவது, கன அளவில் 20 சதவீதம் டியூரிநோடு இருக்க வேண்டும். அல்லது அந்த அடுக்கு ஈரத்திலும் நொறுங்குகிற தன்மையோடு உறுதியாக இருக்க வேண்டும். 20 சதவீதத்தை எப்படி அளப்பது? குழிச்சுவரைக் கண்ணால் பார்த்து, அளவுப் படத்தோடு ஒப்பிட்டு. 15க்கும் 25க்கும் உள்ள வித்தியாசம் பல சமயம் பார்ப்பவரின் கண்ணில் இருக்கிறது.

ஸெரிக் என்பது இன்னும் வழுக்கலான இடம். அரிடிக் ஈரநிலை என்றால், 50 செ.மீ. ஆழத்தில் மண் வெப்பநிலை 5 டிகிரிக்கு மேல் இருக்கும் நாட்களில் பாதிக்கு மேல் மண்ணின் கட்டுப்பாட்டுப் பகுதி, அதாவது ஈரத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்கிற ஆழப்பகுதி, முழுக்க வறண்டிருக்க வேண்டும். 8 டிகிரிக்கு மேல் உள்ள காலத்தில் தொடர்ந்து 90 நாள் ஈரம் இருக்கக்கூடாது. ஸெரிக் ஈரநிலை என்பது மத்திய தரைக்கடல் பாணி: ஈரமான குளிர்காலம், வறண்ட கோடை. ஒரோவாடா அரிடிக்தான், ஆனால் ஸெரிக்கை ஒட்டியது. வறண்டிருக்கும் காலம் பாதிக்கு மேல், முக்கால் பங்குக்குள். தமிழ்நாட்டு மண்ணின் பெயர்களில் வருகிற 'உஸ்ட்' இதிலிருந்து வேறுபடுவது இங்கேதான். அங்கே வெதுவெதுப்பான பருவத்திலேயே மழை வருகிறது, பயிர் வளர்கிறபோது ஈரம் இருக்கிறது. ஸெரிக்கில் ஈரம் இருக்கும்போது குளிர், வெயில் இருக்கும்போது வறட்சி.

இந்த நாட்களை யார் எண்ணினார்கள்? மண் ஈரமானி வைத்து ஆண்டுக்கணக்கில் அளந்த இடங்கள் மேய்ச்சல் நிலத்தில் மிகக் குறைவு. நடைமுறையில் மழை வரைபடம், வெப்பநிலை, நியூஹால் மாதிரி என்ற கணக்கீட்டு முறை, இவற்றோடு அங்கே நிற்கிற செடியையும் பார்த்துத்தான் ஈரநிலையை முடிவு செய்கிறார்கள். வயோமிங் சேஜ்பிரஷ் நிற்கிறது, ஆகவே அரிடிக்-ஸெரிக் எல்லை என்று எழுதிவிட்டு, அரிடிக்-ஸெரிக் எல்லை, ஆகவே இங்கே வயோமிங் சேஜ்பிரஷ் வளரும் என்று அடுத்த அறிக்கையில் எழுதினால் அது வட்டமடிப்பு. ஆய்வாளர்கள் இதை அறியாதவர்கள் இல்லை. செலவும் பரப்பளவும் அவர்களை அங்கே தள்ளுகின்றன. ஆனாலும் அறிக்கையைப் படிக்கிறவர் இதைத் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது.

மீதி விரைவாக. மீசிக் என்றால் 50 செ.மீ. ஆழத்தில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 8 முதல் 15 டிகிரிக்குள். காற்று 9 டிகிரியை ஒட்டி என்றால் மண் அதைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி கூட என்று கொள்வது அங்கே வழக்கம். ஆக எல்லைக்குச் சற்று மேலே. கோர்ஸ்-லோமி என்றால் 25 முதல் 100 செ.மீ. வரை உள்ள பகுதியில் களி 18 சதவீதத்துக்குக் குறைவு. சூப்பர்ஆக்டிவ் என்பது நேர்மின் அயனிப் பரிமாற்றத் திறனைக் களி சதவீதத்தால் வகுத்தால் 0.60 அல்லது அதற்கு மேல் என்பதைக் குறிக்கும். களி குறைவு, ஆனால் இருக்கிற களி சுறுசுறுப்பானது.

அளவெடுத்த ஆழங்களை வரிசையாகப் பாருங்கள்: நிறத்துக்கு 18 செ.மீ. வரை கலந்த மண், வெப்பநிலைக்கு 50, துகள் அளவுக்கு 25 முதல் 100, ஈரத்துக்கு, இந்த மாதிரி மணற்பாங்கான குறுமண்ணில், சுமார் 20 முதல் 60.

பழைய பெயரும் பன்னாட்டுப் பெயரும்

1975இல் வந்த முதல் முழு வகைப்பாட்டில் அரிடிசாலுக்கு இரண்டே பிரிவுகள். களி சேர்ந்த அடுக்கு இருந்தால் ஆர்ஜிட். இல்லாத எல்லாமே ஆர்த்திட். அப்போது ஒரோவாடா 'டியூரிஸெரோலிக் கேம்பார்த்திட்'. 1994இல் வறள்நில மண்ணின் பிரிவுகளை ஏழாக மாற்றி எழுதினார்கள்: குளிர், உப்பு, சிலிக்காத் தட்டு, ஜிப்சம், களி, சுண்ணாம்பு, கடைசியாக கேம்பிட். இந்த மாற்றம் நல்லதே. முன்பு கெட்டித் தட்டு உள்ள மண்ணும் களி அடுக்கு இருந்துவிட்டால் ஆர்ஜிட்டுக்குள் போய்விடும்; வேர் இறங்குமா, நீர் இறங்குமா என்பதை நிர்ணயிக்கிற தட்டு அடுத்த படியில்தான் பெயருக்குள் வரும். இப்போது அது முன்னுக்கு வந்துவிட்டது. பழைய அறிக்கைகளையும் புதிய வரைபடங்களையும் சேர்த்து வைத்துப் படிப்பவர்கள் இந்த ஆண்டைக் கவனிக்காவிட்டால், ஒரே மண்ணை இரண்டு மண்ணாக எண்ணிவிட நேரும்.

உலக அளவில் பயன்படுகிற பன்னாட்டு முறையில் வைத்துப் பார்த்தால் சுவாரசியமான ஒன்று நடக்கிறது. அங்கே 10 செ.மீ. தடிப்புக்கு 10 சதவீதம் சிலிக்கா முடிச்சு, 100 செ.மீ.க்குள் தொடங்கினால் போதும். மண் டியூரிசால் ஆகிவிடும். அதாவது சிலிக்காவே பெருவரிசையின் பெயர். 15 சதவீதம் முடிச்சு உள்ள ஒரு குழியைக் கற்பனை செய்யுங்கள். அந்த அடுக்கு நொறுங்கும் உறுதியைக் காட்டாவிட்டால், அமெரிக்க முறையில் சிலிக்கா பெயரிலேயே வராது; பன்னாட்டு முறையில் சிலிக்காதான் பெயர். நான் பன்னாட்டு முறையின் பக்கம். இந்த நிலத்தின் வரலாறு முழுக்க எரிமலைக் கண்ணாடி கரைந்து இறங்கிய வரலாறு. 'எளிய கேம்பிட்' என்ற அடையாளம் அதை ஒரு பெயரடைக்குள் ஒதுக்கிவிடுகிறது. அமெரிக்க முறைக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்லலாம்: முடிச்சு வேரைத் தடுப்பதில்லை, தட்டுதான் தடுக்கும், மேலாண்மைக்கு அந்த வேறுபாடு பெரிது.

நீர்ப்பாசனம், தீ, விதைப்பு

மேலாண்மையில் இந்தப் பெயர் எங்கெங்கே கைகொடுக்கிறது என்று பார்த்தால், முதலில் நீர்ப்பாசனம். ஒரோவாடா ஆழமானது, வடிகால் நல்லது, தட்டு கிடையாது. தண்ணீர் கிடைத்தால் முதல்தர வேளாண் நிலம் என்ற தகுதியும் இதற்கு உண்டு. குதிரைமசால் தீவனத்துக்கும் விதைக்கும், குளிர்காலக் கோதுமை, பார்லி எல்லாம் இதில் நடக்கின்றன. பழைய விசிறி மேட்டில், சில நூறு மீட்டர் தள்ளி, இதே முயற்சி தட்டில் முட்டி நிற்கும். தரையின் மேல் நின்று பார்த்தால் இரண்டும் சேஜ்பிரஷ் காடுதான். புதரின் இனத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆளுயரத்துக்கு மேல் பெருஞ்சேஜ்பிரஷ் நின்றால் ஆழமான மண். குட்டைச் சேஜ்பிரஷ் நின்றால் கீழே களியோ தட்டோ இருக்கிறது. கருஞ்சேஜ்பிரஷ் என்றால் சுண்ணாம்பும் சரளையும். மேய்ச்சல்காரர்கள் மண் வரைபடம் வருவதற்கு முன்பே இப்படித்தான் படித்தார்கள்.

அடுத்தது தீ. யுரேசியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த சீட்கிராஸ் என்ற ஓராண்டுப் புல் புதர்களுக்கு இடையே உள்ள வெற்றுத்தரையை நிரப்பிவிட்டது. இலையுதிர் காலத்தில் முளைத்து, குளிர்காலத்திலும் வேரை இறக்கி, கோடை தொடக்கத்திலேயே காய்ந்து எரிபொருளாகிறது. முன்பு புதர்களுக்கு நடுவே எரிய ஒன்றும் இல்லாததால் தீ பரவாமல் நின்றது. வயோமிங் சேஜ்பிரஷ் எரிந்தால் அடியிலிருந்து துளிர்க்காது, விதையிலிருந்துதான் வரவேண்டும். புல்லோ அடுத்த ஆண்டே திரும்பி வருகிறது. 2018 ஜூலையில் ஹம்போல்ட் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) தொடங்கிய மார்ட்டின் தீ சுமார் 4.35 லட்சம் ஏக்கரை எரித்தது. நெவாடாவில் தனித் தீயாகப் பதிவானவற்றில் மிகப் பெரியது அது. நடந்தது ஒரோவாடா மண்ணின் சொந்தக் கவுண்டியில்.

இங்கே பெயரின் இரண்டு சொற்கள் உண்மையிலேயே வேலை செய்கின்றன. மீசிக் வெப்பநிலை, அரிடிக் ஈரநிலை என்ற கூட்டு இருந்தால் சீட்கிராஸை எதிர்க்கும் திறனும் தீக்குப் பின் மீளும் திறனும் குறைவு. மலையில் உள்ள குளிர்ந்த, ஈரம் கூடிய மண்ணில் இரண்டும் அதிகம். 2014 முதல் சேஜ்பிரஷ் பகுதிகளில் எங்கே முதலில் பணத்தைச் செலவிடுவது என்று தீர்மானிக்க, மண் வரைபடத்தின் இந்த இரண்டு சொற்களை வைத்தே வரிசைப்படுத்துகிறார்கள். ஒரோவாடா அந்த வரிசையில் பலவீனமான முனையில்தான் நிற்கிறது. வகைப்பாட்டைத் தாளில் மட்டும் இருக்கும் வித்தை என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பதில்.

சேஜ்பிரஷ் போனால் மண்ணின் நீர்க்கணக்கும் மாறுகிறது. 1987இல் யூட்டாவில் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், மார்ட்டின் கால்ட்வெல் இருவரும் இந்தச் செடியை வைத்துத்தான் வேரின் நீரேற்றத்தைக் காட்டினார்கள். பகலில் இலை நீரை இழுப்பதால் மேலடுக்கு காய்கிறது. இரவில் இலைத்துளை மூடியதும் ஆழத்து ஈரம் வேர் வழியாக ஏறி, காய்ந்த மேலடுக்கில் கசிகிறது. ஆழவேர் இல்லாத ஓராண்டுப் புல்லால் இது முடியாது. நனைவும் காய்வும் நிற்கிற ஆழம் மாறினால் சிலிக்காவும் சுண்ணாம்பும் படியும் ஆழமும் காலப்போக்கில் மாறத்தான் வேண்டும். ஆனால் அது நம் ஆயுளுக்குள் குழியில் தெரியக்கூடிய மாற்றம் அல்ல.

அப்புறம் விதைப்பு. எரிந்த நிலத்தில் விதைக்கருவியை ஓட்டி, கிரெஸ்டட் வீட்கிராஸ் போன்ற தீவனப் புல்லையோ நாட்டுப் புல்லையோ விதைப்பது வழக்கம். முளைத்த பிறகு போய்ப் பார்த்தால் வரிசை சீராக இருக்காது. பழைய புதர் மேடுகளில் நெருக்கமாக, வெடிப்புக் கோடுகளில் ஒற்றையாக, ஓட்டின் நடுவில் ஒன்றும் இல்லாமல். குமிழ்த் துளை ஓடு முளையை மேலே வரவிடாது, நனையும்போது குழைந்து விதையை மூடிவிடும். வெடிப்பில் விழுந்த விதைக்கு நிழலும் ஈரமும் வழியும் கிடைக்கின்றன. ஒரே மண் தொடர், ஒரே பெயர், ஒரே நாளில் விதைப்பு, ஒரே மழை. மாறினது மேல் 5 செ.மீ. மட்டும்.

இதை மண் ஆய்வாளர்கள் கவனிக்காமல் இல்லை. முன்பு ஏ அடுக்கோடு, அதாவது மேல்மண் அடுக்கோடு, சேர்த்தே எழுதிவந்த குமிழ்த் துளை அடுக்குக்கு அண்மை ஆண்டுகளில் வி என்ற தனி எழுத்தைக் கொடுத்துவிட்டார்கள். குழிக் குறிப்பில் அது இனி பதிவாகும். பெருவரிசையிலோ துணைக்குழுவிலோ அதற்கு இன்னும் இடமில்லை. இடம் கொடுக்க வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். மாட்டுக் குளம்பாலும் ஒரு தீயாலும் மாறக்கூடிய ஒன்றை, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உருவான முடிச்சோடு ஒரே தட்டில் வைத்தால் பெயர் ஐந்தாண்டுக்கொருமுறை மாறும். மேற்பரப்பைப் பெயருக்கு வெளியே, ஆனால் விதைப்புத் திட்டத்துக்கு உள்ளே வைப்பதுதான் சரி.

அதற்குச் செய்ய வேண்டிய வேலையும் பெரிதில்லை. நிலத்தின் குறுக்கே ஓர் அளவு நாடாவை விரித்து, சம இடைவெளிகளில் ஊசியை நிறுத்தி, ஊசி படுகிற இடம் புதர் மேடா, பாசிப் படலமா, வெடிப்பா, ஓடா என்று குறித்துக்கொண்டே போனால் ஒவ்வொன்றின் பங்கும் கிடைத்துவிடும். மேய்ச்சல் நிலக் கண்காணிப்பில் செடிகளை எண்ண ஏற்கெனவே கையில் இருக்கிற முறைதான் இது. மேற்பரப்பு வகைக்கு இன்னொரு நெடுவரிசை சேர்த்தால் போதும். ஓட்டின் பங்கு அதிகமாக வந்தால் அந்த இடத்தில் விதையை வீசிவிட்டுப் போவதில் பயனில்லை. ஓட்டை உடைத்து, விதையைக் கருவியால் ஆழமாக அல்லாமல் மண்ணோடு ஒட்டும்படி பதித்து, குளிர்கால நனைவுக்கு முன் இலையுதிர் காலத்திலேயே முடிக்க வேண்டும். புதர் மேடு அதிகமாக வந்தால், தீக்குப் பிந்தைய முதல் இலையுதிர் காலத்திலேயே இறங்க வேண்டும். சத்தும் ஈரமும் உள்ள அந்த மேடுகளைச் சீட்கிராஸும் அதே பருவத்தில்தான் பிடிக்க வரும்.